இரண்டு தெரு தள்ளி நிற்கும் கார்

ஸ்ரீவில்லிபுத்தூர்
28 மே 2025

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

ரிஸ்வானா எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரர் ஷமீரும் மகள் சௌதாவும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து போனதிலிருந்து எனக்குக் கை வேலையே ஓடவில்லை. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள்தான் நாம். ஆனால் அதற்குப் பிறகு கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பார்த்துக்கொண்டதோடு சரி. திடீரென்று ராஜபாளையத்திலிருந்து வந்து இறங்கி, "என் சம்யுக்தாவையும் உன் மகள் சேருகிற கவர்மென்ட் ஸ்கூல்லயே ஆறாவது சேக்கப் போறேன்டி. காலைல உன் வீட்டுக்கு வந்து, சௌதாகூட நடந்து போகட்டும்" என்கிறாய். போனில் பேசாதே, மாமியார் என் போனை எடுத்துப் பார்ப்பார், எதுவானாலும் எழுது, டிரைவரை அனுப்பி வாங்கிக்கொள்கிறேன் என்கிறாய். நானும் தலையை ஆட்டிவிட்டேன். நீ போன பிறகுதான் யோசனை வந்தது.

ஏட்டி, ஏன்? உங்களுக்குச் சொந்தமாக பேண்டேஜ் கம்பெனி இருக்கிறது. உன் மகள் இதுவரை படித்த பள்ளியில் நீச்சல்குளமே இருந்ததாம். எங்களுக்கு வேறு வழியில்லை, அரசுப் பள்ளியில் சேர்க்கிறோம். உனக்கு என்ன வந்தது? அப்படியே ஆசையென்றாலும் ராஜபாளையத்தில் அரசுப் பள்ளியே இல்லையா?

ஷமீருக்குச் சுத்தமாக நம்பிக்கை இல்லை. "மோட்டாருக்கு காயில் சுத்துறவன் வீட்டு வாசப்படிய கம்பெனிக்காரவிய சும்மா மிதிக்க மாட்டாவ, பாத்துக்கோ" என்கிறார். எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. கோபப்படாதே. கம்பெனியில் ஏதும் சிக்கலா? அப்படியானால் என்னிடம் மறைக்காதே. சம்யுக்தா என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் எனக்குக் குறைந்துவிடாது.

அன்புடன்
ரிஸ்வானா


ராஜபாளையம்
31 மே 2025

ஏட்டி ரிஸ்வானா,

உன் கையெழுத்து இன்னும் மாறவில்லை. பார்த்ததும் விடுதி மெஸ்ஸில் நீ எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுத முடிகிற நிலையில் நான் இல்லை. நேரம் சரியில்லை என்று வைத்துக்கொள். இங்கே சேர்த்தால் எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டிவரும். ஊர் நாலு விதமாகப் பேசும். என் வீட்டுக்காரர் சூர்யபிரகாஷ் அதற்குச் சம்மதிக்கவில்லை. அதனால்தான் அங்கே.

டிரைவர் பொன்னுராஜ் அண்ணன் காலையில் கொண்டுவந்து விடுவார். கார் உங்கள் தெருவுக்குள் வராது. இரண்டு தெரு தள்ளி நிற்கும். அங்கிருந்து சம்யுக்தா நடந்து வருவாள். பக்கத்து வீட்டார் கேட்டால் சொந்தக்காரப் பிள்ளை என்று சொல்லிவிடு. கடிதத்தை அவளுடைய சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பு. பையை நான் மட்டும்தான் திறப்பேன்.

நீ இருக்கிறாய் என்கிற தைரியத்தில்தான் அனுப்புகிறேன்.

உன்
யோகி


ஸ்ரீவில்லிபுத்தூர்
26 ஜூன் 2025

அன்பு யோகிக்கு,

நேரம் சரியில்லை என்று நீ எழுதியதைப் படித்தேன். இனிமேல் அதைப் பற்றிக் கேட்கமாட்டேன். ஊரெல்லாம் மில்லை மூடுகிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறேன். அது உன் வீட்டுக்கும் வரும் என்று நினைக்கவில்லை.

சம்யுக்தா நல்ல பிள்ளை. முதல் நாள் சத்துணவு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, இத எல்லாருக்குமா குடுப்பாங்க?" என்று கேட்டாள். சௌதா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய வெள்ளை ஷூ இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒத்துவராது, மற்ற பிள்ளைகள் அதையே பார்க்கிறார்கள். ஷமீர் சௌதாவுக்கு எடுத்த மாதிரியே ஒரு ஜோடி கறுப்பு ஷூ எடுத்து வந்தார். காசு அனுப்புகிறேன் என்று எழுதி என்னைக் கேவலப்படுத்தாதே.

இன்னொரு செய்தி. பள்ளி மேலாண்மைக் குழுவில் பழைய தலைவியின் மகள் படித்து முடித்துப் போய்விட்டதால் என்னைத் தலைவியாகப் போட்டுவிட்டார்கள். குழுத் தலைவி ஒரு அம்மாவாகத்தான் இருக்க வேண்டுமாம், டிகிரி படித்த அம்மா நான் ஒருத்திதானாம். முதல் வேலையாக அறிவியல் டீச்சர் கேட்டு மனு எழுதினேன். இருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார், இடம் காலி. அந்தப் பீரியடில் பிள்ளைகள் தாங்களாகவே பாடத்தை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்கலாமா? புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சம்யுக்தா வருவதே இல்லை. சரி, ஏதோ காரணம் என்று இருந்தேன். ஆனால் நேற்று சௌதா சொல்கிறாள், "அவ வராத அன்னைக்கும் டீச்சர் போன்ல வந்ததாத்தாம்மா போடுறாங்க. நான் ஒரு நாள் வரலைன்னா மட்டும் உனக்கு மெசேஜ் வருது." எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நீ யாரிடமாவது பேசியிருக்கிறாயா?

அன்புடன்
ரிஸ்வானா


ராஜபாளையம்
2 ஜூலை 2025

ரிஸ்வானா,

ஷூவுக்கு நான் என்ன சொல்வது. ஷமீர் அண்ணனிடம் சொல்லிவிடு.

அந்த இரண்டு நாளும் சம்யுக்தாவை ஒரு ட்ரீட்மென்டுக்காகக் கூட்டிப்போகிறோம். பயப்படும்படி எதுவுமில்லை. பெண் பிள்ளை என்பதால் வெளியே சொல்லவில்லை. தலைமையாசிரியை பரிபூரணம் டீச்சரிடம் மட்டும் சொல்லியிருக்கிறோம். நீ அவளிடம் விசாரிக்காதே, அழுதுவிடுவாள்.

யோகி


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஆகஸ்ட் 2025

யோகேஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இன்று சௌதாவைத் தூங்க வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். ஜெயபாய் அக்கா என்று ஒருவர் வந்திருந்தார். அவர் மகளும் நம் பிள்ளைகள் வகுப்புதான். இங்கிருந்து கம்பெனி வேனில் ராஜபாளையம் போய் வேலை பார்க்கிறார். வகுப்பில் எடுத்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ஏ தலைவியம்மா, இது எங்க மொதலாளி மகள்லா? இங்க எப்பிடி வந்தா?"

"மெதுவாப் பேசுங்கக்கா. பாவம், கம்பெனி நொடிச்சுப் போச்சு. வெளிய சொல்லாதீய" என்றேன்.

"எது, எங்க கம்பெனியா? போன மாசந்தான புது ஷெட்டு தெறந்து எங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டாவ. நான் கெட்டியிருக்கது அன்னைக்குக் குடுத்த சேலைதான். நொடிச்சுப் போனவிய சேலை குடுப்பாவளா?"

"பிள்ளைக்கும் உடம்பு சரியில்லக்கா. வாரத்துல ரெண்டு நாள் வைத்தியம்…"

"வைத்தியமா! அது வைத்தியம் படிக்கதுக்குல்லா போகுது! கிருஷ்ணன்கோவில் பக்கம் கோச்சிங் வச்சிருக்காவ. பொன்னுராஜ் அண்ணன்தான் சொன்னாரு, ஆறாங்கிளாஸ்லயே டாக்டர் பரிச்சைக்குப் படிப்பாம்." அதோடு விட்டாரா? "எம்புட்டுப் படிச்சும் ஒன்ன நல்லா ஏமாத்திருக்காவ தாயி" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் தனியாக ஏழரை சதவீத இடம் உண்டு. நீட் எழுதித் தேறினால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான் போட்டி. கோச்சிங் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் நிற்கிற வரிசை அது. அந்த வரிசையில் உன் மகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். பெயர் மட்டும் இங்கே, படிப்பு அங்கே. அப்படித்தானே?

இல்லை என்றால் இல்லை என்று எழுது. நம்பத் தயாராக இருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் குத்துகிறது. நேரம் சரியில்லை என்றாய், நான் கம்பெனி மூழ்கிவிட்டது என்று நினைத்தேன், நீ மறுக்கவில்லை. ட்ரீட்மென்ட் என்றாய், நான் அந்தப் பிள்ளைக்காகத் தொழுகையில் அழுதேன். என் இரக்கத்தைக்கூட நீ வீணாக்கவில்லை யோகி.

ரிஸ்வானா


ராஜபாளையம்
14 ஆகஸ்ட் 2025

ரிஸ்வானா,

ஆமாம். அப்படித்தான்.

திட்டி முடித்துவிட்டாய் என்றால் இதையும் கேள். உனக்குச் சொல்லியிருந்தால் நீ சம்மதித்திருப்பாயா? சட்டத்தில் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடையாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அரசுப் பள்ளியில் படிக்க வேண்டும், அவ்வளவுதான். சூர்யபிரகாஷ் ஒரு மார்க்கில் டாக்டர் படிப்பைக் கோட்டைவிட்டவர். மகளாவது டாக்டராக வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து என் உயிரை எடுக்கிறார்கள். அத்தை தினமும் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். பணம் கொடுத்து சீட் வாங்கினால் ஊர் சிரிக்குமாம். தானாகக் கிடைக்க வேண்டுமாம். இந்த வழியை எங்களுக்கு ஒரு டாக்டர்தான் சொன்னார். அவர் மகனும் இப்படித்தான் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான்.

நாங்கள் சும்மாவும் வரவில்லை. ஆறாம் வகுப்பில் போட்டிருக்கிற புது பெஞ்சுகள் நாங்கள் கொடுத்தவை. உன் மகளும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, நமக்குள் என்ன சண்டை. நான் ஒரு வழி சொல்கிறேன். புதன், வெள்ளி சௌதாவையும் அதே காரில் அனுப்பு. கோச்சிங் செலவு என் பொறுப்பு. அவளுக்கு உன் மூளை. கண்டிப்பாக டாக்டராக வருவாள். இரண்டு பேரும் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பதை நாம் பார்க்க வேண்டாமா? வருகைப் பதிவு விஷயம் மட்டும் உங்கள் குழுவில் வராமல் பார்த்துக்கொள். நீதானே தலைவி.

உன்
யோகி


ஸ்ரீவில்லிபுத்தூர்
25 ஆகஸ்ட் 2025

அன்பு யோகிக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை. சௌதாவின் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். இரவெல்லாம் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

ஷமீரிடம் சொன்னேன். "இது நம்ம பிள்ளைக்குக் குடுக்க சீட்டா, ஒன் வாய்க்குக் குடுக்க பூட்டா?" என்றார். "ரெண்டுமாத்தான் இருக்கட்டுமே, பிள்ளை படிச்சிரும்லா" என்று நானும் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. "அனுப்புறதுன்னா அனுப்பு. பொறவு கூட்டத்துல ஜெயபாய் அக்கா மூஞ்சிய நீதான் பாக்கணும். எனக்கு அங்க வேலையில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதனால் உன்னிடமே ஒன்று கேட்கிறேன். காரில் இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுப்பதற்குப் பதிலாக, அந்த கோச்சிங் சாரை வாரத்தில் ஒரு சாயங்காலம் நம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவா. வகுப்பறை இருக்கிறது, நீ கொடுத்த பெஞ்சு இருக்கிறது. ஆறாவது பிள்ளைகள் மொத்தமும் உட்காரட்டும். சம்யுக்தாவும் உட்காரட்டும். அறிவியல் டீச்சர் வருகிற வரைக்குமாவது. பெஞ்சு கொடுத்த கைக்கு இது பெரிய விஷயமில்லை. இதைச் செய்தால் உன்னைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்வேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ரிஸ்வானா


ராஜபாளையம்
27 ஆகஸ்ட் 2025

ரிஸ்வானா,

நீ கணக்குப் படித்தவள். நீயே போட்டுப் பார். சௌதா ஒருத்தி என்றால் எனக்குச் சம்மதம், மனசாரச் சொன்னேன். வகுப்பு மொத்தத்துக்கும் சொல்லிக்கொடுத்தால் சம்யுக்தாவுக்கு என்ன மிச்சம்? அப்புறம் அவளை நான் எதற்காக நல்ல பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து அங்கே கொண்டுவந்து போட்டேன்?

எழுதிய பிறகு எனக்கே படிக்க நன்றாக இல்லை. ஆனால் உன்னிடம் மறைத்தது போதும். சௌதாவை அனுப்புகிறாயா இல்லையா, அதை மட்டும் சொல்.

யோகி


ஸ்ரீவில்லிபுத்தூர்
6 செப்டம்பர் 2025

யோகேஸ்வரிக்கு,

அனுப்பவில்லை.

முந்தாநாள் நடந்த கூட்டத்தில் நான் பேசிவிட்டேன். இன்னொருவர் வாயால் நீ கேள்விப்படக் கூடாது என்பதால் எழுதுகிறேன். சம்யுக்தாவின் பெயரைச் சொல்லவில்லை. வராத பிள்ளைக்கு வந்ததாகப் போடக் கூடாது, யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி, இதைத் தீர்மானமாகப் போடுங்கள் என்றேன். பரிபூரணம் டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, எல்லாந் தெரிஞ்சவ நீ. ரெண்டு பெஞ்சு கேட்டு நான் எத்தன எடத்துல போயி நின்னுருக்கேன் தெரியுமா? குடுக்கவியளயும் வெரட்டி விட்டா நாளைக்கு யாரு தருவா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை யோகி. இருந்தாலும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஜெயபாய் அக்காதான் முதலில் கை தூக்கினார். தினமும் உங்கள் கம்பெனி வேனில் ஏற வேண்டிய மனுஷி அவர். அவருக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள். அது என் பேச்சு, அவர் பேச்சு இல்லை.

இப்போது நான் சொல்வதை நன்றாகக் கேள். சம்யுக்தா போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். முழுசாக வரட்டும். புதனும் வரட்டும், வெள்ளியும் வரட்டும். அறிவியல் பீரியடில் டீச்சர் இல்லாமல் சௌதா உட்கார்ந்திருக்கிற மாதிரி அவளும் உட்காரட்டும். பொறவு பார். உன் மகள் ஒரு வாரம் அப்படி உட்கார்ந்திருந்தால் உனக்குச் சோறு இறங்குமா? உன் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? நான் ஜூன் மாசத்திலிருந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அவர் ஒரு போன் போட்டால் போதும். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு போன்தான். உங்களைப் போன்றவர்களின் பிள்ளைகள் உண்மையாகவே இங்கே படித்தால், இந்தப் பள்ளிக்கூடத்தை இப்படி விட்டுவைப்பார்களா?

அப்படி ஏழு வருஷம் படித்துவிட்டு அவள் எந்த சீட்டை வாங்கினாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். முதல் ஆளாக வந்து மாலை போடுவேன்.

திங்கட்கிழமை காலையில் அவளுக்கும் சேர்த்துத் தோசை ஊற்றுகிறேன்.

ரிஸ்வானா


ராஜபாளையம்
12 செப்டம்பர் 2025

திருமதி ரிஸ்வானா அவர்களுக்கு,

சம்யுக்தாவின் டி.சி.யை வாங்கியாகிவிட்டது. தேவதானத்தில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கிறோம். சின்ன ஊர், தங்களைப் போல் விவரம் பேசுகிறவர்கள் அங்கே இல்லை. பெஞ்சுகளைத் திரும்பக் கேட்கப்போவதில்லை. அந்த அம்மாள் வேலையில் தொடர்வார், கவலைப்பட வேண்டாம்.

ஐந்து நாளாக சம்யுக்தா என்னோடு பேசவில்லை. சௌதா வீட்டில்தான் சாப்பிடுவேன் என்கிறாள். தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தைப் பொன்னுராஜிடம் கொடுத்து அனுப்புகிறேன். இனிமேல் எழுத வேண்டாம்.

யோகேஸ்வரி சூர்யபிரகாஷ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24 செப்டம்பர் 2025

அன்புள்ள யோகிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் தபாலில் போடுகிறேன். உன் அத்தை பிரித்தாலும் பிரிக்கட்டும்.

நான் ஜெயிக்கவில்லை. இன்றுவரை அறிவியலுக்கு ஆள் வரவில்லை. சௌதா தினமும், "எங்கிட்ட சொல்லாம போயிட்டாம்மா" என்கிறாள். அந்தக் காரில் அவளை ஏற்றிவிட்டிருக்கலாமோ என்று இப்போதும் சில நேரம் நினைக்கிறேன்.

நேற்று மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்குப் பயிற்சி என்று எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். பல ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாண்டிசெல்வி என்று ஒருத்தி. சின்ன வயசு. களையெடுக்கப் போகிறவளாம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். தேவதானம் பள்ளிக்கூடத்துத் தலைவி அவள்தான்.

அவளாகவே கேட்டாள். "அக்கா, எங்க ஸ்கூலுக்கு யாரோ கம்பெனிக்காரவிய வந்து பூரா செவுத்துக்கும் பெயின்ட் அடிச்சுத் தாரோம்ங்காவ. அவிய பிள்ளையும் எங்கூர்லயே சேந்திருக்கு. நல்லதுக்குத்தான செய்வாவ? நான் என்னக்கா கேக்கணும் அவியகிட்ட?"

"அந்தப் பிள்ளை தெனமும் வருதான்னு மட்டும் பாரு" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவள் கேட்பாள் யோகி. அவளுக்கும் ஆறாவதில் ஒரு மகள் இருக்கிறாள்.

ரிஸ்வானா